உட்காராமல் பார்த்த பெடல்

அந்தத் தெருவில் அவரை மீட்டர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிப் புத்தகத்திலும் மருந்துச் சீட்டிலும் மட்டும் உயிரோடு இருந்தது. ஒற்றை ஷட்டர் கடை. கார்களுக்கு வயரிங் வேலை. முப்பது வருஷமாக ஒரே இடம், ஒரே மேஜை, மேஜை மேல் மஞ்சள் நிற மல்டிமீட்டர். வண்டி கொண்டுவருகிறவர் என்ன கதை சொன்னாலும் பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "இருங்க, மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மனுஷன் பொய் சொல்வான், மீட்டர் சொல்லாது என்பது அவர் கணக்கு. அதில் தப்புச் சொல்லவும் முடியாது. போன மாசம்தான் பேட்டரி மாற்றினேன் என்று ஒருவர் அடித்துச் சொல்வார், பேட்டரியைத் திருப்பினால் ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி பல்லை இளிக்கும். தண்ணீரே படவில்லை என்று ஒருவர் சாதிப்பார், மிதியடியைத் தூக்கினால் குளம். இப்படிப் பார்த்துப் பார்த்து, ஆட்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளும் வழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. அது ஒரு குறை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நேரம் மிச்சம் என்றுதான் நினைத்தார்.

வயது ஐம்பத்தாறு. உடம்பில் ஒரு அலுப்பு வந்து உட்கார்ந்திருந்தது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது. எழுந்ததும் அவருக்கு முன்னால் எழுந்து பல் தேய்த்துக்கொண்டு நிற்கிற அலுப்பு. வலது முழங்கால் மடங்க மறுத்தது. டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டீயரிங்குக்கு அடியில் காலை நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் இரண்டு வருஷமாக ஒரு வழி செய்துகொண்டார். திறந்த கதவை ஒட்டி வெளியே ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்வது, அதில் உட்கார்ந்தபடி கையை மட்டும் உள்ளே விட்டு வேலையை முடிப்பது. "உள்ள போறது கைதானே, காலு எதுக்கு?" என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வார்.

அவருக்கு நிலையாக வேலை கொடுத்தது ஊருக்கு நடுவில் இருந்த டயாலிசிஸ் நிலையம். நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து, சிறுநீரகச் சுத்திகரிப்பு முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட அவர்களிடம் மூன்று கார்கள் இருந்தன. மூன்றும் மீட்டரிடம்தான் வரும். அதில் ஒன்றை ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி. அந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டதே மீட்டர்தான். மற்ற டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயர் நாற்பது. நோயாளி உள்ளே இருந்தால் வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது என்று நிலையத்தில் ஒரு சட்டம். சட்டத்தை எல்லோரும் படித்தார்கள். கடைப்பிடித்தவன் இவன் ஒருவன்தான். காலியாகத் திரும்பும்போதும் நாற்பதிலேயே வருவான். சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள் என்று கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பது தன் வண்டியைக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்தினான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இன்னொரு டிரைவர் லீவு, இரண்டு ஆள் வேலையை இவன் ஒருவனே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அழுத்துறேன், சில நேரம் வண்டி கேக்க மாட்டேங்குது. அப்படியே மூச்சு நின்ன மாதிரி ஆயிடுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

அவன் மேலே சொல்லிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் வழக்கம்போல் கையைக் காட்டினார். முக்காலியைப் போட்டார்.

பழைய வண்டிகளில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் போய் எஞ்சினை இழுக்கும். இப்போது அந்த நேரடிப் பழக்கம் இல்லை. பெடலுக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்பதை அது வோல்ட்டாக மாற்றி வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒரே ஆளின் சாட்சியை நம்ப முடியாது என்று இரண்டு வயரில் தனித்தனியாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். முதல் வயரில் எவ்வளவு வருகிறதோ அதில் பாதி இரண்டாவதில் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் காலை நம்பாது. எஞ்சினைச் சும்மா நிற்கும் அளவுக்கு இறக்கிவிடும். மிதித்துக்கொண்டே இருக்கலாம், வண்டி மதிக்காது.

சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், பெடலின் வயர்கள் சேரும் கனெக்டரின் பின்பக்கமாக மீட்டரின் ஊசியை விட்டுப் பார்த்தார். சப்ளை ஐந்து வோல்ட், சரியாக இருந்தது. எர்த் சரி. கையை நீட்டி உள்ளங்கையால் பெடலை அழுத்தினார். முதல் வயர் புள்ளி எட்டிலிருந்து நான்கு வரை ஏறி இறங்கியது. இரண்டாவது அதில் பாதி. ஆறு தடவை அழுத்தினார், விறுவிறுவென்று. ஆறு தடவையும் ஏறி இறங்கியது. இடுப்பு வலித்தது. இன்னும் இரண்டு வண்டிகள் காத்திருந்தன.

சோதனைச் சீட்டில் "பெடல் சென்சார் சரி" என்று எழுதினார். கிழித்துக் கொடுக்கப்போனவர், நாற்பதின் கண்களைப் பார்த்ததும் விளையாட்டாகக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். "டிரைவருக்குத்தான் சர்வீஸ் தேவை. நன்றாகத் தூங்கவும்." எழுதிவிட்டு அவரே சிரித்தார். நாற்பது படித்துப் பார்த்தான், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். சீட்டு நிலையத்து ஃபைலுக்குப் போனது.

பன்னிரண்டு நாள் கழித்து மேம்பாலத்து ஏற்றத்தில் அந்த வண்டி திடீரென்று தளர்ந்தது. பின்னால் வந்த லாரி மோதியது. பின் சீட்டில் கண்ணயர்ந்திருந்த நோயாளிப் பெரியவர் ஒருவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. நாற்பதுக்கு நெற்றியில் ஏழு தையல். ஏற்றத்தில் ஒருவன் வேகத்தைக் குறைத்தால் தூங்கிவிட்டான் என்றுதானே அர்த்தம் என்று லாரிக்காரர் சொன்னார். கேட்டவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஃபைலைப் புரட்டியபோது மீட்டரின் சீட்டு கிடைத்தது. வண்டி சரி. டிரைவர் தூங்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் டிரைவரின் சொந்த அக்கா புருஷன். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நிலையத்து மேனேஜர் அம்மா ஃபோன் செய்தார். கெட்டவர் இல்லை, அவரும் நாலு பக்கமும் பிய்த்துத் தின்னப்படுகிற மனுஷிதான். வெள்ளிக்கிழமை விசாரணை, அதற்குள் அந்தச் சீட்டில் உள்ளதைக் கடை லெட்டர் பேடில் ஒழுங்கான வார்த்தையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். டிரைவர் களைப்பாக இருந்ததைப் பற்றிய வரியையும் சேர்த்து. மீட்டர் சரி என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது. வேலை போனால் நாற்பதுக்கு வேறு எங்கும் ஸ்டீயரிங் கிடைக்காது. தூங்கி மோதியவன் என்ற பேர் அவனுக்கு முன்னால் போய் நிற்கும்.

வீட்டில் அவர் மனைவி நர்ஸ்களுக்கு வெள்ளைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவரோடு அளவாகத்தான் பேசினாள். தம்பி வேலை போகப்போகிறது என்று அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவர் லெட்டர் பேடை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, தைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அன்னைக்கு வண்டிக்குள்ள உக்காந்து பாத்தீங்களா, முக்காலியில உக்காந்து பாத்தீங்களா?"

எங்கே உட்கார்ந்தால் என்ன, மீட்டர் ஒன்றுதானே என்றார் அவர்.

அவள் எழுந்தாள். மிஷினுக்கு அடியில் கிடந்த பெடலைக் காலாலேயே அவர் பக்கம் தள்ளிவிட்டாள். மோட்டார் வைத்த மிஷின் அது. காலர் வளைவில் மெதுவாகத் தைக்கும்போது நின்று நின்று போகிறது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் பெடலை எடுத்து மடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவார். மிஷின் பறக்கும். நல்லாத்தானே ஓடுது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"கையால பாக்காதீங்க. நான் உக்காருற எடத்துல உக்காந்து, காலால அழுத்துங்க."

வீம்புக்குத்தான் உட்கார்ந்தார். முழங்கால் முனகியது. பாதத்தை வைத்து மெல்ல அழுத்தினார். ஊசி ஏறி இறங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நின்றது. வெள்ளைத் துணியில் ஊசி குத்தியபடி அப்படியே நின்றது. மேலும் அழுத்தினால் திடுக்கென்று பாய்ந்தது. காலைத் தளர்த்தி மறுபடி அழுத்தினார். அதே இடத்தில் நின்றது. கை கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிப் போகிற இடத்தில்தான் கால் நாள் முழுக்கக் குடியிருக்கிறது. மீட்டரும் அப்படித்தான். ஒரு எண்ணைக் காட்டி அடுத்த எண்ணுக்குப் போவதற்குள் அவர் கை அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். பயமாக இருந்தது. பயத்தைவிட, ஓடிப்போய் எங்காவது படுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. லெட்டர் பேடை மூடிவைத்தார்.

வியாழக்கிழமை காலை நாற்பதைக் கூப்பிட்டார். கார் தகர வேலை செய்கிற பட்டறையின் முற்றத்தில் நின்றது. பின்பக்கம் நசுங்கி, டிக்கியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பது நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தான், எதற்கு என்று கேட்கவில்லை. அவர் கனெக்டரில் இரண்டு ஊசிகளைச் செருகி, வயரை நீட்டி இழுத்து, பக்கத்து சீட்டில் ஏறி மீட்டரை மடியில் வைத்துக்கொண்டார். அவனை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார்.

அவன் வலது கால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். குதிகாலைத் தரையில் ஊன்றினான். எப்போதும் ஓட்டுகிற மாதிரி அழுத்து என்று சொன்னார். அவன் கொஞ்சமாக அழுத்தி அங்கேயே நிறுத்திக்கொண்டான். ஒன்று புள்ளி மூன்று. எண் அசையவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. பட்டறையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தன் பயம் வீண்தானோ என்று அவருக்கு ஒரு அற்ப நிம்மதி வந்தது. வந்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

"பாலம் ஏறும்போது என்ன பண்ணுவ?"

"இன்னும் ஒரு நூல் அழுத்துவேன்."

"அழுத்து."

அழுத்தினான். ஒன்று புள்ளி நான்கு வந்தது. அடுத்த கணம் எண் விழுந்தது. பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு மறுபடி ஒன்று புள்ளி நான்குக்கு வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. ஊசியை இரண்டாவது வயருக்கு மாற்றினார். அது புள்ளி ஏழில் ஆடாமல் இருந்தது. ஆக முதல் சாட்சிதான் நடுவில் வாயடைத்துப் போகிறது. மறுபடி முதல் வயர். பத்துத் தடவை மெல்ல அழுத்தச் சொன்னார். ஏழு தடவை விழுந்தது. பிறகு அவரே குனிந்து கையை நீட்டி, அன்றைக்குச் செய்த மாதிரி விறுவிறுவென்று அழுத்தினார். ஆறு தடவையும் சுத்தமாக ஏறி இறங்கியது.

ஏன் அந்த இடத்தில் மட்டும் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. உள்ளே ஒரு தடத்தின் மேல் ஒரு சின்ன முள் உரசிக்கொண்டே போய் வருகிற பழைய வகைப் பெடல் அது. கண்டபடி ஓட்டுகிறவனாக இருந்தால் தடம் முழுக்கப் பரவலாகத் தேய்ந்திருக்கும். இவன் ஆறு வருஷமாகக் குதிகாலை ஊன்றி நாற்பதிலேயே நின்றவன். முள் அந்த ஒரே இடத்தைச் சுற்றி நடுங்கி நடுங்கி, அதன் விளிம்பை அரித்துவிட்டது. சட்டத்தை மதித்து ஓட்டியதற்குத்தான் வண்டி அவன் காலை வாரியிருக்கிறது. பெயர் வைத்துச் சிரித்தவர்கள் வண்டியில் இந்தக் கோளாறு வர இன்னும் பத்து வருஷம் ஆகியிருக்கும்.

மீட்டர் திரும்பிப் பார்த்தார். தையல் போட்ட இடம் வீங்கியிருந்தது.

"மாப்ள, நீ தூங்கல."

நாற்பது பெடலிலிருந்து காலை எடுத்தான். செருப்பை மாட்டிக்கொண்டான்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா."

கதவைத் திறந்து இறங்கிப் போனான். மீட்டர் அந்த சீட்டிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் காரணமில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கொடுத்த காகிதத்தில் முத்திரை இருந்தது, வார்த்தைகள் வேறு. முதல் சோதனையின்போது நான் வண்டிக்குள் உட்காரவில்லை. கையால் வேகமாக அழுத்திப் பார்த்ததால் கோளாறு தெரியவில்லை. நடுவில் ஓரிடத்தில் சென்சார் விட்டுப்போகிறது. டிரைவர் முன்கூட்டியே சரியாகச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. தூக்கத்தைப் பற்றிய வரி விளையாட்டுக்கு எழுதியது, அது உண்மையல்ல. பூசி மெழுக ஆயிரம் வழி இருந்தது. சென்சார் பிறகு கெட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் அவர் தலை தப்பியிருக்கும். அப்படி எழுதலாம் என்று காலையில் ஒரு தடவை நினைக்கவும் செய்தார். எழுதவில்லை. நல்லவர் என்பதால் இல்லை, இன்னொரு தடவை இதைப் பற்றி யோசிக்கிற தெம்பு அவருக்கு இல்லை.

மேனேஜர் அம்மா இரண்டு முறை படித்தார். இதைக் கொடுத்தால் உங்கள் கடைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதினீர்களா என்று கேட்டார். தெரியும் என்றார். அறையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த நாற்பது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியிலிருந்து ஒரு ஆளை வரவழைத்துச் சோதித்தார்கள். அவரும் சீட்டில் உட்கார்ந்து பார்த்து அதையே சொன்னார். நாற்பதுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நிலையத்து வண்டிகள் மீட்டர் கடைக்கு வருவது நின்றது. பெரியவரைப் பார்க்க மீட்டர் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டோடு படுத்திருந்தவரிடம் தான் யார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் போலச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். அந்தப் பாரம் மட்டும் இறங்கவே இல்லை, இறங்கும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

மாசம் ஒன்று கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது அக்கா வீட்டுக்கு வந்தான். புதுச் சீருடை பேண்ட் நீளம், மடித்துத் தைக்க வேண்டும். டீ குடித்தான். மாமாவின் முழங்காலை விசாரித்தான். மீட்டர் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல், அந்தச் சீட்டில் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்று மென்று விழுங்கினார்.

"எழுதினதுக்குக் கோவமில்ல மாமா," என்றான் அவன், டம்ளரைக் கீழே வைத்தபடி. "நான் சொல்லிட்டிருக்கும்போதே கையக் காட்டினீங்க பாருங்க. அதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பேண்டை அக்காவிடம் கொடுத்து, அளவைக் காட்டிவிட்டுக் கிளம்பினான். மீட்டருக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவன் போன பிறகு மிஷின் ஓடத் தொடங்கியது. ஓடியது, திணறியது, பாய்ந்தது. மீட்டர் ஸ்க்ரூடிரைவரையும் மஞ்சள் மீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கென்ன இப்போது, பழகிவிட்டது என்றாள் மனைவி. அந்த இடம் வந்தால் சட்டென்று தாண்டிப் போய்விடுவாளாம். ஒரு வருஷமாக அப்படித்தான் தைக்கிறாளாம்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முழங்காலை நீட்ட இடம் தேடி, மிஷினுக்கு அடியில் அவள் காலுக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டார். பெடலை மடியில் எடுத்துக்கொள்ளவில்லை. மீட்டரையும் ஆன் செய்யவில்லை.

"நீ அழுத்து," என்றார். "எங்க நிக்குதுன்னு நீ சொல்லு."

அவள் காலை வைத்து மெல்ல அழுத்தினாள்.

"இங்க," என்றாள்.